அழிவு கலையின் தாயாகுமா? எழுபதுகளின் நியூயோர்க்கை முன்வைத்து ஒரு விசாரணை

கலைக்கும் துன்பத்துக்கும் இடையிலான உறவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவரிடையே ஒரு கூற்று தவறாது இடம்பெறக் காண்கிறோம். போர் நம்மிடமிருந்து எவ்வளவோ பறித்தது, ஆயினும் நல்ல கவிதையையும் தந்தது என்பதே அக்கூற்று. நூல் வெளியீட்டு விழாக்களிலும் விரிவுரை மண்டபங்களிலும் அதனைக் கேட்டிருக்கின்றேன். கேட்டோர் உடன்பாடாகத் தலையசைப்பதையும் கண்டிருக்கின்றேன். நானும் அவ்வாறு தலையசைத்தவர்களுள் ஒருவனே. நெடுநாள் சென்ற பின்னரே 'தந்தது' என்னும் அவ்வினைமுற்று என்னை உறுத்தத் தொடங்கிற்று. ஒன்றைத் தந்தவர்க்கு நன்றி கூறுவது மரபு. அவ்வாறாயின் அழிவுக்கும் நாம் நன்றி கூறவேண்டுமா? அழிவை விளைத்தவர்கள் அக்கவிதைகளில் ஒரு பங்கு தமக்கும் உரியதெனக் கோரலாமா?

இவ்வினாவை நமது காயங்களையே வைத்து ஆராய்வது எளிதன்று. இறந்தவர்களின் பெயர்கள் குறுக்கே வந்து நிற்கும். ஆதலின் சற்றுத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். தமிழ்ச் சங்க மலரொன்றில் அமெரிக்க நகரமொன்றின் இசையைப் பற்றி எழுதுவது பொருத்தமா எனச் சிலர் ஐயுறக்கூடும். அந்நகரத்தை நான் கண்டவனுமல்லன். நூல்களின் வழியும் இசைத்தட்டுக்களின் வழியுமே அறிந்தவன். எனினும், அழிவே கலையைத் தந்தது என்னும் வாதம் உலகில் வேறெந்த நகரத்தைப் பற்றியும் இவ்வளவு உறுதியாகவும், இவ்வளவு ஆசையோடும் முன்வைக்கப்பட்டதில்லை எனலாம். 1970களின் நியூயோர்க்கே அந்நகரம்.

அன்றைய நியூயோர்க்கின் நிலையை முதலில் நோக்குவோம். 1970 இல் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 79 இலட்சம். 1980 இல் அது 71 இலட்சத்துக்குச் சற்றுக் கீழ் இறங்கிவிட்டது. பத்தாண்டுகளில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நகரைவிட்டு நீங்கினர். துறைமுகத் தொழிலும் உடை உற்பத்தியும் சிறு ஆலைகளும் வெளியேற, 1969 முதல் 1977 வரையான காலத்தில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வேலைகள் இல்லாதொழிந்தன. 1975 இல் மாநகர நிர்வாகம் தனது கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை எய்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் கடன் தவணையொன்றைத் தவறவிடும் தறுவாயில் நகரம் நின்றபோது, ஆசிரியர் சங்கத்தின் ஓய்வூதிய நிதியே அதனைக் காப்பாற்றிற்று. அதே மாத இறுதியில் ஜனாதிபதி ஃபோர்ட், நகரைக் கைதூக்கி விடும் சட்டம் எதனையும் தாம் தடுத்துவிடுவதாக அறிவித்தார். செத்துத் தொலை என ஃபோர்ட் நகரிடம் கூறியதாக மறுநாள் நாளிதழொன்று தலைப்பிட்டது. அவர் அச்சொற்களைச் சொல்லவில்லை. ஆயினும் வரலாற்றில் நிலைத்தது அத்தலைப்பே. சில வாரங்களில் அவரே மனம் மாறிக் கடனுதவிக்கு இசைந்தமை பலருக்கு நினைவில்லை.

நகரின் வடபாகமாகிய புரொங்ஸில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. றொபேர்ட் மோசஸ் என்னும் ஆற்றல்மிக்க நிர்வாகியின் திட்டப்படி, புரொங்ஸை ஊடறுத்துப் பெருந்தெரு ஒன்று போடப்பட்டது. அதன் பொருட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. வங்கிகள் அப்பகுதிகளுக்குக் கடன் தர மறுத்தன. வாடகை வருமானம் குன்றிய வீட்டுரிமையாளருட் சிலர், தமது கட்டடங்களுக்குத் தாமே தீமூட்டுவித்துக் காப்புறுதிப் பணம் பெற்றனர். தீ பெருகிய அதே ஆண்டுகளில், கணினி மாதிரிகளைக் காரணங்காட்டி வறிய பகுதிகளின் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 1970க்கும் 1980க்கும் இடையே புரொங்ஸின் ஏழு குடிசன மதிப்பீட்டு வட்டங்கள் தமது கட்டடங்களில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றைத் தீயினாலும் கைவிடலாலும் இழந்தன. பாதிக்கு மேல் இழந்த வட்டங்கள் நாற்பதுக்கு அதிகம். 1976 இல் நகரின் வீடமைப்புத் துறைத் தலைவராயிருந்த றொஜர் ஸ்ரார், 'திட்டமிட்ட சுருக்கம்' என்றொரு கருத்தை வெளியிட்டார். இறந்துகொண்டிருக்கும் பகுதிகளிலிருந்து பாடசாலை, மருத்துவமனை, பொலிஸ், தீயணைப்பு முதலிய சேவைகளைப் பின்வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். ஆங்கு இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த இலட்சக்கணக்கானோர் அக்கணக்கில் எவ்விடத்தில் எழுதப்பட்டனர் என்பது தெளிவில்லை.

இத்தகைய பத்தாண்டில்தான் பின்வருவனவும் நிகழ்ந்தன. 1970 பெப்ரவரியில் டேவிட் மன்குசோ என்பவர் புரோட்வே தெருவில், முன்னர் தொழிற்கூடமாயிருந்த தமது இருப்பிடத்தில், அழைக்கப்பட்டோருக்கு மட்டுமான நடன விருந்துகளைத் தொடங்கினார். அங்கே மது விற்கப்படவில்லை. வேறிடங்களில் வரவேற்கப்படாத கறுப்பின, இலத்தீன், ஒருபாலீர்ப்பு இளைஞர்கள் ஒன்றாய் ஆடினர். டிஸ்கோ என உலகம் பின்னர் அறிந்த கலாசாரத்தின் நாற்றுமேடைகளுள் அது முதன்மையானது. அதே 1970 இல் சாம் றிவேர்ஸ் என்னும் சாக்ஸஃபோன் வித்துவானும் அவருடைய மனைவி பீற்றிசும் பொண்ட் வீதியிலுள்ள தமது மாடியை, முதலாளிகளின் தயவு வேண்டாத ஜாஸ் கலைஞர்களுக்கு அரங்காகத் திறந்துவிட்டனர். 1973 டிசெம்பரில் பௌவறித் தெருவில் 'சீபிஜிபி' என்னும் மதுச்சாலை திறக்கப்பட்டது. கிராமியப் பாட்டுக்கென நோக்கங்கொண்ட அவ்விடத்தில் ரெலிவிஷன், றேமோன்ஸ், பற்றி சிமித், டோக்கிங் ஹெட்ஸ் ஆகியோர் மேடையேற, பங்க் இசை பிறந்தது. 1976 நவம்பரில் பிலிப் கிளாசும் றொபேர்ட் வில்சனும் சேர்ந்து ஆக்கிய, ஏறத்தாழ ஐந்து மணிநேரம் நீளும் 'ஐன்ஸ்ரைன் ஒன் த பீச்' மெற்றோபொலிற்றன் இசைநாடக அரங்கில் நிகழ்ந்தது. அரங்கு நிறைந்தது, கடனே எஞ்சியது. கிளாஸ் மீண்டும் வாடகைக் கார் ஓட்டச் சென்றார்.

புரொங்ஸ் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். 1973 ஓகஸ்ட் 11 ஆம் திகதி செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சின்டி காம்பெல் என்னும் பெண் ஒரு விருந்தை ஏற்பாடு செய்தாள். பாடசாலை திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டும் என்பதே அவளது நோக்கம். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் நுழைவுக் கட்டணம். அவளுடைய தமையன் கிளைவ், ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரிற் பிறந்து 1967 இல் புரொங்ஸுக்கு வந்தவன், இசைத்தட்டுக்களை இயக்கினான். டிஜே கூல் ஹேர்க் என உலகம் அவனை அறியும். பாட்டின் நடுவே ஏனைய ஒலிகள் ஒதுங்கித் தாளம் மட்டும் தனித்தொலிக்கும் சில கணங்களில்தான் ஆடுவோர் பொங்கியெழுகின்றனர் என்பதை அவன் கவனித்திருந்தான். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி இயக்கி அச்சில கணங்களை நிமிடங்களாக நீட்டும் முறையை அவன் வளர்த்தெடுத்தான். ஹிப் ஹொப் என்னும் பெருமரத்தின் விதை அது. பதின்மூன்று நாட்கள் கழித்து, அதே புரொங்ஸின் யாங்கி விளையாட்டரங்கில் ஃபானியா இசைக்குழுவின் சல்சா நிகழ்ச்சிக்கு நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். ஒரு மாதத்துக்குள் ஒரு சிறு கூடமும் ஒரு பேரரங்கும்!

அழிவையும் ஆக்கத்தையும் இவ்வாறு அருகருகே வைத்ததும், முன்னதே பின்னதைப் பெற்றது என்று சொல்ல நாவெழுவது இயல்பே. அவ்வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எதிர்கொள்ளவேண்டும். ஆலைகள் வெளியேறியிராவிடின் விசாலமான மேன்மாடிகள் மலிவாய்க் கிடைத்திரா. பௌவறித் தெரு வீடற்றோரின் தெருவாக இழிந்திராவிடின் சீபிஜிபி போன்றதொரு நட்டக்கடை அங்கு உயிர்தரித்திராது. வாடகை குறைவாயிருந்தமையாற்றான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் உழைத்து எஞ்சிய நாட்களிற் கலைக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க இளைஞர்களால் இயன்றது. இவை உண்மைகள். இவற்றை மறுத்து எழுதப்படும் எந்த அறவியலும் வெறும் ஆறுதலாகவே முடியும்.

ஒன்றின் காரணமாய் அமைதலும் அதற்கு உரிமையாளராதலும் ஒன்றுதானா என்பதே இனி எழும் வினா. தீமைகளுக்கு ஈடாக நன்மைகளைக் காட்டி, உள்ள உலகங்களுள் இதுவே சிறந்தது என நிறுவ முயன்ற லைப்னிற்சின் வழி இன்று எவரையும் திருப்திப்படுத்தாது. அதனை விடுத்து அண்மைக்கால விவாதமொன்றைக் கவனிப்போம். நியூயோர்க் எரிந்துகொண்டிருந்த அதே 1976 இல், இங்கிலாந்தில் பேர்ணாட் வில்லியம்ஸ் என்னும் மெய்யியலாளர் 'ஒழுக்கவியல் அதிர்ஷ்டம்' பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மனைவி மக்களைக் கைவிட்டுத் தகித்தித் தீவுக்குச் சென்ற ஓவியர் கோகனை ஒத்த ஒருவனை அவர் எண்ணிப் பார்க்கிறார். அவனது ஓவியம் வெற்றிபெறின் தன் முடிவை அவன் முழுமையாக வருந்தித் துறக்க இயலாது. ஆயினும் கைவிடப்பட்டோரின் முறையீடு அவ்வெற்றியால் அழிந்துவிடுவதுமில்லை என்பது அவர் கருத்து. நமது வினாவுக்கு இது பாதி வழியே துணைசெய்யும். கோகன் தானே முடிவெடுத்தவன். புரொங்ஸின் வீடுகளை எரிக்க முடிவெடுத்தவர் எவரும் அங்கு இசை பிறக்குமென எண்ணி எரிக்கவில்லை. இசையைப் பிறப்பித்தோர் எவரும் எரியூட்டுமாறு கேட்கவுமில்லை. முடிவெடுத்தோர் ஒரு சாரார், வென்றோர் வேறு சாரார். முன்னவர் பின்னவரின் வெற்றியைத் தமது கணக்கில் வரவு வைத்தற்கு எந்த நியாயமுமில்லை.

இதனினும் கடிய தடையொன்றை ஆர். ஜே வொலஸ் 2013 இல் வெளியிட்ட நூலில் எழுப்புகின்றார். ஒன்றை நாம் முழுமனத்தோடு உவந்து ஏற்போமாயின், அது தோன்றுவதற்கு இன்றியமையாதிருந்தவற்றையும் ஏற்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறோம் என்பது அவ்வாதத்தின் போக்கு. அந்த இசையை நெஞ்சார நேசிப்பவன், அது தோன்றாதிருக்கக்கூடிய வேறொரு நியூயோர்க்கை உண்மையாகவே விரும்ப முடியுமா? இவ்விடத்திற் பலநாள் நான் தடுமாறியதுண்டு. நூல்கள் தராத விடையொன்றை நமது கிழக்குக் கரையே தருகின்றது. 2004 ஆழிப்பேரலையிற் பிள்ளைகளைப் பறிகொடுத்து, பின்னர் மீண்டும் பிள்ளை பெற்ற தாய்மார் அங்கே உள்ளனர். மூத்த பிள்ளை இருந்திருப்பின் இந்த இளைய பிள்ளை பிறந்திராது என்பது அத்தாய்க்கு நன்கு தெரியும். அவள் இளையதை உயிரினும் மேலாக நேசிக்கிறாள். அதன் பொருட்டுக் கடலுக்கு நன்றி சொல்வாளா? இழந்ததற்காக அழுவதை நிறுத்திவிடுவாளா? இரண்டும் செய்யாள். மார்கழி வரும்போது ஒரு படத்துக்கு மாலையிட்டு, மறுகையால் மற்றப் பிள்ளைக்குச் சோறூட்டுவாள். முரண்பாடின்றி அவள் வாழ்ந்துகாட்டும் ஒன்றைத் தருக்கநூல் முரண்பாடு எனக் கூறுமாயின், திருத்தப்பட வேண்டியது தருக்கநூலேயாகும்.

அழிவுக்கும் இசைக்கும் இடையே என்ன இருந்தது என்பதை உற்றுநோக்கினால் இன்னொன்றும் புலப்படும். செட்ஜ்விக் அவெனியூ 1520 பாழடைந்த கட்டடமன்று. நடுத்தர, குறைந்த வருமானத்தாருக்குக் கட்டுப்படியான வாடகையில் வீடு கிடைக்கும்பொருட்டு, மிற்செல்-லாமா என்னும் நியூயோர்க் மாநிலச் சட்டத்தின் துணையோடு அறுபதுகளிற் கட்டப்பட்ட தொடர்மாடி அது. நூறு குடும்பங்களுக்கு மேல் வாழ்ந்த அக்கட்டடத்தில் அனைவருக்கும் உரியதாக ஒரு கூடம் இருந்தது. அக்கூடத்திற்றான் விருந்து நடந்தது. பின்னர் கொண்டாட்டங்கள் வெளியிடங்களுக்குப் பரவியபோது, அவை நகரப் பூங்காக்களில் நடந்தன; ஒலிபெருக்கிகளுக்கு மின்சாரம் தெருவிளக்குக் கம்பங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. இசைத்தட்டை விரலால் நிறுத்தி இயக்கும் நுட்பத்தைச் செம்மைப்படுத்திய கிராண்ட்மாஸ்ரர் ஃபிளாஷ், புரொங்ஸின் அரசாங்கத் தொழிற்பாடசாலையொன்றில் மின்னணுவியல் கற்ற மாணவன். கூடம், பூங்கா, தெருவிளக்கு, பாடசாலை ஆகிய அனைத்தும் பொதுச்சொத்து. முந்திய தலைமுறையொன்று வரிகொடுத்தும் போராடியும் கட்டிவைத்துப் போனவற்றுள், அழிவு இன்னும் சென்றடையாமல் எஞ்சியவை. 'தந்தது' என்னும் வினைக்கு எழுவாய் தேடுவோர் இவற்றினிடத்தே தேடியிருக்கலாம்.

மனிதர் எடுத்த ஒரு முடிவையும் இங்கே சேர்த்துக் கூறவேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் தெற்குப் புரொங்ஸ் இளைஞர் கும்பல்களாற் பங்கிடப்பட்டுக் கிடந்தது. ஒரு தெருவார் மறு தெருவிற் காலடி வைக்க இயலாது. 1971 டிசெம்பரில், சண்டையொன்றைத் தடுக்கச் சமாதானத் தூதாகச் சென்ற 'கெற்றோ பிரதர்ஸ்' கும்பலைச் சேர்ந்த இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பழிவாங்கும் போர் மூளும் என நகரே எதிர்பார்த்திருந்தது. கும்பலின் தலைவர் பெஞ்சமின் மெலென்டெஸ் பழிவாங்க மறுத்து, எல்லாக் கும்பல்களையும் ஹோ அவெனியூவிலிருந்த சிறுவர் கழகமொன்றிற்கு அழைத்துப் பேசச் செய்தார். சமாதானம் பூரணமாயிற்று என்று கூறமுடியாது. ஆயினும் தெருக்கள் சற்றே திறந்தன. மெலென்டெஸ் தாமே ஒரு பாடகர் என்பதும், அக்கும்பல் ஓர் இசைக்குழுவாகவும் விளங்கியது என்பதும் கவனத்துக்குரியன. இருபது மாதங்களின் பின், அயற்றெரு இளைஞர்கள் 25 சதமும் 50 சதமும் கொடுத்து ஒரே கூடத்துள் நுழைய முடிந்தமைக்கு அம்மறுப்பும் ஒரு காரணம். கொலைக்கு நன்றி கூற எவரும் துணியார். கொலையுண்டவரையும் பழிவாங்க மறுத்தவரையும் விட்டுவிட்டு 'வன்முறைச் சூழல் ஈன்ற இசை' என்று எழுதும் வரலாற்றாசிரியர் ஏறத்தாழ அதனையே செய்கின்றார்.

என் வாதத்துக்கு எளிதில் அடங்காத நிகழ்ச்சியொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். 1977 யூலை 13 ஆம் திகதி இரவு நகரம் முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. ஏறத்தாழ 25 மணிநேரம் நீடித்த அவ்விருளில் 1,600க்கு மேற்பட்ட கடைகள் உடைக்கப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீ விபத்துக்கள் பதிவாயின. மூவாயிரத்து எழுநூறு பேரளவில் கைதாயினர். ஒலிக்கருவிகள் விற்ற கடைகளும் தப்பவில்லை. அந்த இரவின் பின் புரொங்ஸில் டிஜே குழுக்கள் திடீரெனப் பெருகின என்று அவ்விசையின் முன்னோடிகள் சிலர் பின்னாளில் நேர்காணல்களிற் கூறியுள்ளனர். தாமே ஒரு மிக்சரைத் தூக்கிச் சென்றதாக ஒப்புக்கொண்டவரும் உண்டு. ஆக, நாம் விரும்பிக் கேட்கும் இசையின் ஒரு கிளை, எவரோ ஒரு சிறுகடைக்காரரின் முதலைத் தின்று வளர்ந்தது. அக்கடைகளுட் பல மீளத் திறக்கப்படவேயில்லை. அக்கடைக்காரர்களிற் பலரும் அதே வறிய தெருக்களில் வாழ்ந்தவர்கள். இளைஞனின் ஏழ்மையைச் சொல்லி இதனை முற்றாக நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. திருட்டு என்று கூறிக் கதவை மூடிவிடவும் மனமில்லை; பாடசாலைகளில் இசைக்கருவிகளும் ஆசிரியர்களும் வெட்டப்பட்ட காலம் அது. கடன் உண்டு, அதனைப் பெறவேண்டியவர் அந்தக் கடைக்காரர் என்ற அளவிலேயே என்னால் நிற்க முடிகின்றது. எரித்தவர்க்கும் மூடியவர்க்கும் அக்கணக்கிலும் வரவு எதுவுமில்லை.

இருளுக்கு ஒன்பது நாள் முன்னர், 1977 யூலை 4 ஆம் திகதி, அதே நகரின் ஃபிளஷிங் பகுதியில் விநாயகர் ஆலயமொன்று குடமுழுக்குக் கண்டது என்பதையும் நமது வாசகருக்காக இடையே குறித்துச் செல்கின்றேன். பலர் செத்த நகரம் எனக் கைகழுவிய இடத்திற் புதிதாக வந்தோர் கருங்கற் கோயில் எழுப்பிக்கொண்டிருந்தனர்! ஒரு நகரம் இறந்துவிட்டதென அறிவிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது போலும் அதன் மரணம்.

அழிவைப் பாராட்டுவோர் காணத் தவறும் இன்னொரு பக்கமும் உண்டு. பிறந்த கலை கண்ணுக்குத் தெரியும். பிறவாத கலைக்கு முகமில்லை. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1847 இல் இலவசக் கழகமாகத் தொடங்கிய நாள்தொட்டு மாணவரிடம் கல்விக்கட்டணம் பெறாதிருந்தது. 1970 இல் அதன் வாயில்கள் உயர்பாடசாலை முடித்த அனைவருக்கும் திறக்கப்பட, கறுப்பின மாணவரும் புவேர்ட்டோ றிக்கோ மாணவரும் முதன்முறையாகப் பெருந்தொகையில் உள்ளே வந்தனர். ஆறே ஆண்டுகளின் பின், 1976 இல், நிதி நெருக்கடியைக் காட்டிக் கட்டணம் விதிக்கப்பட்டது. நூற்று இருபத்தொன்பது ஆண்டுகள் நிலைத்த இலவசக் கல்வி, வறியவரின் பிள்ளைகள் வந்துசேர்ந்த சில காலத்திலேயே கட்டுப்படியாகாததாயிற்று. 1945 முதல் இலவசக் கல்வியின் நிழலிற் பயின்றுவந்த நாம் இச்செய்தியைச் சாவதானமாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாது. அவ்வாண்டு படியேறாமற் திரும்பிப்போன மாணவருள் யார் யார் எதனை எழுதியிருப்பர், எதனை இசைத்திருப்பர் என்பதற்கு எந்த அருங்காட்சியகத்திலும் சான்றில்லை. எரிந்த வீடுகளில் இறந்த குழந்தைகளுக்கும், ஹெரோயினுக்கு இரையான வாத்தியக்காரருக்கும் இசைத்தட்டு இல்லை. தப்பியவரின் ஒலியை மட்டும் கேட்டு அழிவை அளப்பது, கரையொதுங்கியவனிடம் மட்டும் கடலின் குணத்தைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

பழந்தமிழர் இவ்விடயத்தில் நம்மைவிடத் தெளிவாயிருந்தனர் என எண்ணத் தோன்றுகின்றது. பாணரின் வறுமையைச் சங்கப் புலவர் பாடிய அளவுக்கு வேறெவர் பாடினர்? சிறுபாணாற்றுப்படையிற் கண்திறவாத குட்டிகளை ஈன்ற நாய் கிடக்கும் அந்த அடுக்களையை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். அவ்வறுமையிலிருந்து அரிய கவிதை பிறந்துள்ளது. ஆயினும் அந்த இலக்கிய வகைக்கு அவர்கள் இட்ட பெயர் ஆற்றுப்படை. பசித்தவனை உணவுள்ள இடத்துக்கு வழிப்படுத்துவதே அதன் தொழில். பசி இருந்தாற்றான் பாட்டு வரும், ஆகவே அங்கேயே இரு என்று எந்தப் பாணனுக்கும் எந்தப் புலவனும் சொன்னதாக நாமறிந்த பாட்டு எதுவுமில்லை.

அவ்வாறு சொல்லும் வழக்கம் பிற்காலத்தது. பெரும்பாலும் பசி தீர்ந்தவர்கள் சொல்வது. இன்று மன்ஹட்டனில் வாடகை விண்ணைத் தொட்டுநிற்க, அழுக்கும் ஆபத்தும் நிறைந்த அந்தப் பழைய நியூயோர்க் திரும்பி வராதா என ஏங்கி எழுதுவோர் பலர். அவர்களது ஏக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. கலைஞர் வாழ இடமில்லாத நகரம் கலைநகரமாக எங்ஙனம் நிலைக்கும்? எனினும் அவர்கள் விரும்புவது மலிவான வாடகையை. கேட்பதோ எரிந்த வீட்டை. இவ்விரண்டையும் பிரிக்கவியலாது என்பது உண்மையானால் என் கட்டுரைக்கு இடமில்லை. சோஹோ என்னும் பகுதியின் கதையோ வேறுவிதமாகச் செல்கின்றது. றொபேர்ட் மோசஸ் புரொங்ஸில் இட்டது போன்ற பெருந்தெருவொன்றைக் கீழ் மன்ஹட்டனூடாகவும் இடத் திட்டமிட்டார். ஜேன் ஜேக்கப்ஸ் முதலான குடிமக்கள் பல்லாண்டு போராடியதன் பயனாக 1969 இல் அது கைவிடப்பட்டது. இடிபடாமல் எஞ்சிய அப்பழைய தொழிற்கூடங்களிற் கலைஞர்கள் குடியேறினர். அவ்வாறு வாழ்வதை 1971 இல் நகர நிர்வாகம் சட்டபூர்வமாக்கியது. இடிக்கப்படும் என்ற அச்சமே அங்கு வாடகையை நெடுங்காலம் தாழ்த்தி வைத்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் அச்சம் மெய்யாகியிருந்தால் மாடிகளே இருந்திரா. ஒரே மனிதரின் ஒரே வகைத் தெரு: போடப்பட்ட இடத்திற் சாம்பல், தடுக்கப்பட்ட இடத்தில் அரங்குகள்.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவையே. கலைஞரின் பெயர் சோஹோவின் விலையை உயர்த்த, அவ்விலை கலைஞரை வெளியேற்றிற்று. சீபிஜிபி வாடகைத் தகராறொன்றின் முடிவில் 2006 ஒக்டோபரில் மூடப்பட்டது. இறுதி இரவில் பற்றி சிமித் பாடினார். அவ்விடத்தில் விலையுயர்ந்த ஆடைக்கடையொன்று வந்தது. அழிவாற் பிறந்ததெனப் போற்றப்பட்டது வளத்தால் வெளியேற்றப்பட்டபோது, வளத்தைக் குறைகூறியவர் சிலரே.

செட்ஜ்விக் அவெனியூ 1520 இன் கதை சற்று வேறானது. 2007 இல் அக்கட்டடத்தின் உரிமையாளர் மிற்செல்-லாமாத் திட்டத்திலிருந்து விலக முற்பட்டனர். விலகின் வாடகை சந்தை விலைக்கு உயரும். பழைய குடியிருப்பாளர் வெளியேற நேரும். அவர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். தமது கட்டடமே ஹிப் ஹொப்பின் பிறப்பிடம் என்பதை எடுத்துக்காட்டி, அது அவ்வாறே காக்கப்படவேண்டுமெனக் கோரினர். கூல் ஹேர்க்கும் அவர்களோடு வந்து நின்றார். மாநில அதிகாரிகள் அவ்வாண்டில் அக்கட்டடத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை ஏற்றுக்கொண்டனர். ஆயினும் 2008 இல் அது கைமாறியது, பராமரிப்புக் குன்றியது. நகர நிர்வாகத்தின் துணையோடு கட்டுப்படியான வாடகை வீடுகளாக அது மீட்கப்பட மேலும் சில ஆண்டுகள் சென்றன. அப்போராட்டத்தில் முன்னின்றோர் இசைக்கலைஞரல்லர். மாத முடிவில் வாடகைக்குக் காசு எண்ணும் சாதாரண குடியிருப்பாளர். கீழ்த்தளத்து அந்தக் கூடமும் அவர்களுடைய வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியே.